ஊர்ப் படப்போட்டிக்கு ஒரு சுமைதாங்கிக் கல்: போனில் படம் எடுப்பது எப்படி?

உங்கள் மனசுக்கு நெருக்கமான உள்ளூர் இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி ஓர் அருங்காட்சியகம் போட்டி அறிவித்தால், போன் கேமராவே போதும். முதல்முறை கலந்துகொள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. இடம்

கோபுரத்தையும் கடற்கரையையும் நிறையப் பேர் அனுப்புவார்கள். யாரும் நின்று பார்க்காத இடமாகத் தேடுங்கள். நான் சுமைதாங்கிக் கல்லைச் சொல்வேன். பழைய சாலையோரங்களில் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு நடந்து வந்தவர்கள் யார் உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி, இளைப்பாறி, மறுபடி ஏற்றிக்கொள்ள வசதியான உயரம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக இதை வைப்பது அந்தக் கால வழக்கம். சாலையை அகலப்படுத்தும்போது பல கற்கள் காணாமல் போகின்றன. அதனால் இப்போதே எடுத்து வைப்பது முக்கியம்.

2. விதிமுறை

எத்தனை படம், கடைசி நாள், எந்த அளவு எடிட்டிங் செய்யலாம், படத்தை அவர்கள் எங்கெல்லாம் பயன்படுத்துவார்கள் என்று பாருங்கள். இந்தியச் சட்டப்படி, நீங்களே உங்களுக்காக எடுத்த படத்தின் பதிப்புரிமை (காப்பிரைட்) உங்களுடையது. 2012 திருத்தத்துக்குப் பிறகு அது ஆயுள் முழுக்கவும், அதன்பின் 60 ஆண்டுகளும் செல்லும். உரிமையையே எழுதிக் கேட்கிறார்களா, பயன்படுத்த அனுமதி மட்டும் கேட்கிறார்களா என்று கவனியுங்கள்.

3. படம்

லென்ஸைத் துணியால் துடையுங்கள். தேதி, போன் பெயர் விழும் வாட்டர்மார்க்கை அணைத்துவிடுங்கள். கேமரா செட்டிங்கில் கிரிட் கோடுகளை (திரையில் தெரியும் கட்டக் கோடுகள்) போட்டுக்கொண்டால் கல் சாய்ந்து தெரியாது. ஜூம் வேண்டாம், நடந்தே கிட்டப் போங்கள்.

முதலில் சாலையும் மரமும் தெரியத் தள்ளி நின்று ஒன்று. அடுத்து, கல்லின் உயரம் புரிய ஓர் ஆள் பக்கத்தில் நிற்க ஒன்று. அவரிடம் எதற்கு எடுக்கிறீர்கள் என்று சொல்லி, சம்மதம் கேட்டு எடுங்கள்.

மூன்றாவது, எழுத்து. கல்லில் பெயரோ வருடமோ வெட்டியிருந்தால் உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும் நேரத்தில் போங்கள். எழுத்தின் பள்ளங்களில் நிழல் இறங்கி, வரி வரியாக வாசிக்கலாம். வெயில் அந்தப் பக்கம் விழவே விழாது என்றால், இருட்டியதும் ஒருவர் டார்ச்சைக் கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்க, நீங்கள் நேரே நின்று எடுங்கள். எழுத்து தெரிய வேண்டும் என்று சாக்பீஸோ எண்ணெயோ தயவுசெய்து தடவாதீர்கள், கல் கெட்டுவிடும்.

4. படத்தோடு அனுப்பும் குறிப்பு

பக்கத்து டீக்கடையில் இருக்கும் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். "ஐயா, இந்தக் கல்லை யார் வெச்சதுன்னு சொல்வாங்க?" என்று கேட்டாலே போதும். அவர் சொன்னதை அவர் சொன்னதாகவே எழுதுங்கள்; கல்லில் இருப்பதைத் தனியாக எழுதுங்கள். ஊர், சாலை, எடுத்த தேதி கட்டாயம். நாலைந்து வரி போதும்.

5. அனுப்புதல்

12 மெகாபிக்சல் படம் 4000×3000 புள்ளி அளவில் இருக்கும். 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் சுமார் 13×10 அங்குலம் வரும், கண்காட்சிச் சுவருக்குத் தாராளம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். டாக்குமென்ட் ஆக அனுப்புங்கள், இல்லையென்றால் மெயிலில் இணையுங்கள். அசல் கோப்பை அழிக்காதீர்கள், தேர்வானால் அதைத்தான் கேட்பார்கள்.