நான்கு நாள் எழுத்துப் பயிற்சி: தொடங்குபவர்களுக்கு

மனதில் கிடந்து உறுத்தும் ஒன்றை எழுதிப் பார்க்க எழுத்தாளராக இருக்கத் தேவையில்லை. ஒரு கொப்பி, ஒரு பேனை, 15 நிமிடம், யாரும் எட்டிப் பார்க்காத ஒரு மூலை போதும். இவற்றில் திருகோணமலை வீடுகளில் கிடைக்க அரிதானது அந்த மூலைதான்.

இந்த முறைக்கு வழி வகுத்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர். அவரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களைப் பாதித்த நிகழ்வுகளைப் பற்றி எழுதினார்கள். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், பின்வந்த மாதங்களில் மருத்துவ நிலையத்துக்குப் போனது மற்றவர்களைவிடக் குறைவு. ஆனால் எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனம் கனத்தது. பிந்திய ஆய்வுகளில் பலன் சிறிதாகவும் ஆளுக்கு ஆள் மாறுபட்டும் தெரிகிறது. சர்வரோக நிவாரணி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இடமும் நேரமும். உப்புவெளிக் கடற்கரையில் போய் இருந்து எழுதலாமே என்று தோன்றும். வேண்டாம். தெரிந்த முகம் ஒன்று வந்து “என்ன எழுதுகிறீர்கள்?” என்று கேட்காமல் போகாது. வீட்டார் எழும்புவதற்கு முந்திய அதிகாலையே நல்லது.

விடயம். இருப்பதிலேயே பெரிய காயத்தில் கை வைக்காதீர்கள். போரில் இழந்தவர்களும், 2004 டிசம்பர் 26 அலையில் இழந்தவர்களும் இருக்கும் ஊர் இது; அந்த நினைவுகளைத் துணையில்லாமல் தனியே கிளற வேண்டாம். இழப்பு நேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தாலும் பொறுங்கள். நடுத்தரமான வருத்தம் ஒன்றை எடுங்கள். எழுதும்போது தாங்க முடியாமல் போனால் பேனையை வைத்துவிடலாம், வேறு விடயத்துக்கு மாறலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் கொப்பியை மூடிவிட்டு, இலங்கையின் தேசிய மனநல உதவித் தொலைபேசி 1926ஐ அழையுங்கள்.

முதல் நாள் கொட்டுவதற்கு. பள்ளிக்கூடம் நமக்கு முன்னுரை, முடிவுரை வைத்து, சிவப்பு மைக்குப் பயந்து எழுதத்தான் பழக்கியது. அந்தப் பழக்கத்தை விடுவதே இதில் கடினமான வேலை. ‘ல’வா ‘ள’வா என்று நிற்காதீர்கள். வசனம் முறிந்தால் முறியட்டும். எழுத ஒன்றும் வரவில்லையா? கடைசி வரியையே திரும்ப எழுதுங்கள். அடுத்தது தானாக வரும். விளங்குவதற்காக, ஒரு பெண் எழுதுவதாக நான் புனைந்த ஓர் உதாரணம்:

“அம்மாவின் அந்தியேட்டிச் சடங்குக்கு அண்ணன் கனடாவிலிருந்து வரவில்லை. கன்னியா வெந்நீரூற்றில் தம்பிதான் எல்லாம் செய்தான். வந்தவர்களுக்கெல்லாம் நான்தான் பதில் சொன்னேன். அண்ணனுக்கு வெட்கமே இல்லை.”

இரண்டாம் நாள் அதே விடயம், இன்னும் கிட்டப் போய். அன்று என்ன சேலை, யார் பக்கத்தில் நின்றார்கள், தொண்டை அடைத்ததா, கை நடுங்கியதா?

மூன்றாம் நாள்தான் சரக்கு இருக்கிறது. ‘ஏன்’ என்று கேளுங்கள். பென்னிபேக்கர் குழுவினர் பலருடைய எழுத்தையும் ஆராய்ந்தபோது, ‘ஏனென்றால்’, ‘இப்போது விளங்குகிறது’ போன்ற சொற்கள் நாளுக்கு நாள் கூடியவர்களுக்கே அதிக பயன் கிடைத்திருந்தது. மேலே பார்த்த அதே பெண் இப்படி எழுதக்கூடும்:

“அவன் வராதது அல்ல என் கோபம். கடைசிக் கிழமையில் அம்மா அவன் பெயரையே கேட்டுக்கொண்டிருந்தா. ஏனென்றால் நான் பக்கத்திலேயே இருந்தேன், என்னைக் கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அது எனக்கு அப்போது விளங்கவில்லை.”

முதல் நாள் குற்றப்பத்திரிகை, இது வேறு. மூன்று நாளும் குற்றப்பத்திரிகையே வந்துகொண்டிருந்தால் எழுத்து புண்ணைச் சொறிகிறது என்று பொருள். நிறுத்திவிட்டு நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள்.

நான்காம் நாள் ‘நான்’ என்பதை விட்டு, உங்களையே ‘அவள்’, ‘அவன்’ என்று எழுதுங்கள். அல்லது அண்ணனாக இருந்து எழுதுங்கள். விடுமுறை கிடைக்காமல் அங்கே குளிரில் நின்றவனுக்கும் ஒரு கதை இருக்கும். மன்னித்தாக வேண்டும் என்பதில்லை.

ஒவ்வொரு நாளும் முடித்ததும் முகம் கழுவி, ஒரு தேநீர் குடியுங்கள். எழுதியதை அன்றே வாசிக்க வேண்டாம். கனம் பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் இறங்கும்; இதனால் வேலைக்குப் போகும் முன் எழுதுபவர்கள் சற்று இடைவெளி வைத்துக்கொள்வது நல்லது.

தாள்களை வைத்திருக்கலாம், கிழித்து அடுப்பில் போடலாம். எழுதும்போதே அழிக்கப்போகிறோம் என்று தெரிந்தால் பலருக்குக் கை தயங்காது. படமெடுத்து அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஆசையை மட்டும் அடக்குங்கள். அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சில நாள் கழித்து, வேறொரு தாளில், அவருக்கென்றே புதிதாக எழுதுங்கள்.