விமானம் வந்தாயிற்று, பக்கத்தில் நிற்க ஆள் எங்கே?

வேலூரில் மாடல் விமானம் செய்கிற நாங்கள் எல்லோரும் அநேகமாக ஒரே மாதிரிதான் தொடங்கினோம். ஆன்லைனில் ஒரு ஸ்பிட்ஃபயரோ மிக்-21-ஓ தள்ளுபடியில் கண்ணில் படும். யோசிக்காமல் வாங்கிவிடுவோம். ஒட்டி, பெயிண்ட் அடித்து, டீகால் என்னும் ஒட்டுப்படங்களைப் போட்டு முடித்த பிறகுதான், சின்னதாக ஓர் ஓடுதளம் செய்து பக்கத்தில் ஒரு விமானியையும் இரண்டு மெக்கானிக்குகளையும் நிறுத்தினால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். அலைச்சல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட. விமான கிட் எல்லா ஸ்கேலிலும் (1/72 என்றால் நிஜ அளவில் 72-இல் ஒரு பங்கு) தாராளமாகக் கிடைக்கிறது. மனித உருவங்கள் அப்படி இல்லை. 1/35-இல் டாமியா, மினிஆர்ட், ஐசிஎம், மாஸ்டர் பாக்ஸ், டிராகன் என்று பல கம்பெனிகளின் வீரர்கள் பெட்டி பெட்டியாக இருக்கிறார்கள். ஆனால் அது டாங்கிக்காரர்களின் ஸ்கேல். ஹெலிகாப்டர்கள் சில உண்டு, போர் விமானங்கள் மிகக் குறைவு. 1/72-இல் ஒரு பெட்டியில் நாற்பது ஐம்பது காலாட்படை வீரர்கள் வருவார்கள். விமானியும் தரைப் பணியாளரும் தேடினால் சில செட்டுகளோடு நின்றுவிடும். 1/48-இல் ஐசிஎம், ஹாசெகாவா செட்டுகள் நல்ல தரம், அதற்கு மேல் ரெசின் என்ற செயற்கைப் பிசினை அச்சில் வார்த்த உருவங்கள்தான். 1/32-க்குப் போனால் தேர்வு இன்னும் சுருங்கும். மனிதர்கள் நடமாடும் காட்சி வேண்டும் என்றால் முதலில் ஆட்களைத் தேடுங்கள். அவர்கள் எந்த ஸ்கேலில் கிடைக்கிறார்களோ அந்த ஸ்கேலில் விமானம் வாங்குங்கள். நான் இப்போது இரண்டையும் ஒரே ஆர்டரில்தான் போடுகிறேன்.

அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானதளத்தில் 2017 வரை பறந்த டியூ-142 கண்காணிப்பு விமானத்தைச் செய்ய வேண்டும் என்ற ஆசை இந்தப் பக்கத்து ஆட்கள் பலருக்கு உண்டு. இறக்கை நுனியிலிருந்து நுனி வரை 50 மீட்டர் நீளும் விமானம் அது. 1/72-இல் கிட்டத்தட்ட 70 சென்டிமீட்டர், வீட்டு ஷோகேஸில் அடங்காது. 1/144-இல் 35 சென்டிமீட்டர்தான், ஆனால் அதன் பக்கத்தில் நிற்கும் மனிதன் 12 மில்லிமீட்டர். அந்த அளவில் ராணுவ உருவங்களைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 1/160 ரயில் மாடலுக்கு விற்கும் ஆட்களை எடுத்து உடுப்பின் நிறத்தை மாற்றினால் போதும். ஒரு மில்லிமீட்டர் குறைவதை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள்

பெட்டியில் 1/72 என்று அச்சடித்திருந்தாலும் உள்ளே இருப்பவர் ஐந்தடிக்காரராகவும் இருக்கலாம், ஆறரை அடிக்காரராகவும் இருக்கலாம். கையில் ஒரு ஸ்டீல் ஸ்கேல் இருந்தால் போதும். உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை அளந்து, அந்த மில்லிமீட்டரை ஸ்கேல் எண்ணால் பெருக்குங்கள். 23 மி.மீ. × 72 = 1656 மி.மீ., அதாவது ஐந்தடி ஐந்து அங்குலம். நம்ம ஊர் ஆள். 1/48-இல் அதே ஆள் ஏறக்குறைய 35 மி.மீ., 1/35-இல் 47, 1/32-இல் 52. ஹெல்மெட்டையும் காலடியில் இருக்கும் தட்டையும் அளவில் சேர்க்கக் கூடாது. குனிந்தோ உட்கார்ந்தோ இருந்தால் பூட்ஸை அளக்கலாம்: 1/35-இல் 8 மி.மீ. அளவுக்கும் 1/72-இல் 4 மி.மீ. அளவுக்கும் வரும்.

இதில் அதிகம் பேர் விழும் குழி 28 மி.மீ. உருவங்கள். போர் விளையாட்டுக்குச் செய்யப்படும் இவை விலை குறைவு, வகை ஏராளம், படத்தில் பார்க்கவும் அழகு. ஆனால் அந்த 28 பெரும்பாலும் பாதத்திலிருந்து கண் வரைக்குமான அளவு. தலை உச்சி வரை அளந்தால் 30 வரும். 1/72 விமானத்தின் பக்கத்தில் நிறுத்தினால் ஏழடி மனிதர். தலையும் கையும் வேறு வேண்டுமென்றே பெரிதாகச் செதுக்கப்பட்டிருக்கும். கொலுவில் பெருமாளுக்குப் பக்கத்தில் கட்டைவிரல் அளவு போலீஸ்காரரை நிறுத்தலாம், அங்கே அது வழக்கம். டயோராமாவில், அதாவது நிஜம் போலவே அமைக்கும் சின்னக் காட்சியில், கண் அதை ஒத்துக்கொள்ளாது.

ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் பழைய ஆர்.ஏ.எஃப். (பிரிட்டிஷ் விமானப்படை) தரைப் பணியாளர் பெட்டி 1/76. அதை 1/72 விமானத்தோடு வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், தாராளமாக. ஆறடி மனிதனுக்கு வித்தியாசம் 1.3 மி.மீ.தான், மனிதர்களில் குட்டையும் நெட்டையும் உண்டு. ஆனால் 1/76 டிராக்டரையும் பெட்ரோல் வண்டியையும் அதே விமானத்தோடு ஒட்டி நிறுத்தாதீர்கள். வண்டியில் இருக்கும் ஜெர்ரி கேன் என்ற பெட்ரோல் டப்பாவும் டயரும் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆர்க்கிடெக்சர் மாணவர்கள் வாங்கும் 1/50, 1/75 ஆட்களையும் ஒதுக்க வேண்டாம். முகம் இருக்காது, விரல் இருக்காது. வேலிக்கு அப்பால் நின்று வேடிக்கை பார்க்கும் கூட்டத்துக்கு அது போதும். முன்வரிசைக்குக் கொண்டுவந்தால்தான் தவறு.

1806-ஐச் செய்யப் போகிறவர்களுக்கு

கோட்டை கண்ணெதிரே இருக்கும்போது, வேலூர்க்காரர் ஒருவர் டயோராமா என்று உட்கார்ந்தால் என்றாவது 1806 ஜூலை 10-க்கு, வேலூர்ச் சிப்பாய்க் கலகத்துக்கு, வந்து சேர்வார். இங்கேதான் உருவம் கிடைக்காத கஷ்டம் உச்சத்துக்குப் போகும். தேடினால் இந்தியச் சிப்பாய் என்று முதலில் வருவது 1857 உருவங்கள். தொப்பி வேறு, கால்சட்டை வேறு, துப்பாக்கியும் வேறு. 1806-இல் சிப்பாய் கையில் இருந்தது கல் பொறியில் வெடிக்கும் மஸ்கட். காக்கியே கூடாது, இந்தியாவில் படைகள் காக்கி போடத் தொடங்கியது 1840-களில்தான். வேலூரில் எழுந்த மதராஸ் படைச் சிப்பாய்கள் அணிந்தது சிவப்புக் கோட்டு.

கோட்டையில் இருந்த 69-ஆம் ரெஜிமென்ட் வெள்ளைக்காரர்களுக்கு நெப்போலியன் காலத்து பிரிட்டிஷ் காலாட்படைப் பெட்டி ஒன்றை வாங்கித் தலைக்கவசத்தை மட்டும் சரிபார்த்தால் வேலை நடக்கும். சிப்பாய்களுக்கும் அதே உடம்பை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தலையை அப்படியே விட்டுவிடுகிறார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. அந்தக் கலகத்தின் காரணங்களில் முதலில் சொல்லப்படுவதே தலையில் வைத்ததுதான். தொப்பி மாதிரி இருந்த புதிய தலைப்பாகை, அதில் தோல் குஞ்சம், நெற்றியில் மதக்குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையைத் திருத்த வேண்டும் என்ற உத்தரவுகள். அந்தத் தலைப்பாகை யார் தலையில் இருக்கிறது, யார் அதைக் கழற்றிப் பழைய தலைப்பாகையைக் கட்டிக்கொண்டிருக்கிறார், யார் நெற்றியில் திருநீறு தெரிகிறது என்பதிலேயே உங்கள் காட்சி இருக்கிறது.

தலைப்பாகைக்கு எம்-சீல் புட்டி போதும், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். இரண்டு பாகத்தையும் ஒரே நிறம் வரும்வரை பிசைந்து ஐந்து நிமிஷம் விடுங்கள், பிசுபிசுப்பு குறையும். கண்ணாடித் துண்டில் முகப்பவுடர் தூவி, அதன் மேல் இடியாப்ப நூலைவிட மெல்லியதாக உருட்டுங்கள். உருவத்தின் தொப்பியை பிளேடால் சீவிவிட்டு, நெற்றியிலிருந்து பின்னந்தலைக்குச் சாய்வாகச் சுற்றிக்கொண்டு வாருங்கள். ஈரப்படுத்திய பல்குச்சியால் மடிப்பு மடிப்பாக அழுத்தினால் துணி மாதிரியே விழும். முதல் மூன்று தலை வீணாகும், நான்காவது வந்துவிடும். நீளக் கால்சட்டையைச் சீவி, தொடையளவு ஜாங்கியாக மாற்றுவதும் இதே வேலைதான்.

தோல் நிறத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியில் சொல்லும் ஃபிளெஷ் பெயிண்ட் ஐரோப்பியத் தோலுக்கு. அதையே சிப்பாய்க்கு அடித்துவிட்டு மேலே கொஞ்சம் பிரவுன் தடவினால் அழுக்குப் படிந்த வெள்ளைக்காரர்தான் வருவார். அடி நிறமே அடர் பிரவுனாக இருக்கட்டும், வெளிச்சம் படும் மூக்கிலும் கன்னத்திலும் மட்டும் படிப்படியாக வெளுப்பாக்குங்கள்.

இரண்டாம் உலகப் போரின் பர்மா முனையில் இந்திய விமானப்படை ஹரிகேன் போர் விமானம் ஓட்டியதைச் செய்கிறவர்களும் இதே மாதிரி ஏமாறுகிறார்கள். ஆர்.ஏ.எஃப். விமானி செட் பொருந்தும் என்பது சரிதான். ஆனால் பல செட்டுகளில் இருப்பவர் இங்கிலாந்துக் குளிருக்குக் கம்பளித் தோல் ஜாக்கெட் போட்டவர். பர்மாப் புழுக்கத்துக்கு அரைக்கைச் சட்டையும் காக்கி அரை டிராயரும் போட்டவர் வேண்டும். வாங்குவதற்கு முன் பெட்டியின் பின்பக்கப் படத்தைப் பாருங்கள்.

பிளாஸ்டிக்கிலும் பல வகை

நான் முதன்முதலில் வாங்கிய 1/72 பெட்டி ரப்பர் மாதிரி வளையும் மென்பிளாஸ்டிக். கழுவாமல், நேராக எனாமல் அடித்தேன். நாற்பத்தெட்டு வீரர்கள், மூன்று வாரம். அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் துப்பாக்கி முனைகளிலும் முழங்கைகளிலும் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்துவிட்டது. தப்பு என்னுடையதுதான். மென்பிளாஸ்டிக்கைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் பழைய டூத்பிரஷும் போட்டுக் கழுவி, நீர்த்த ஃபெவிகால் ஒரு பூச்சு கொடுத்து, அதன் மேல் அக்ரிலிக்தான் அடிக்க வேண்டும். வளைந்த துப்பாக்கியைக் கொதிநீரில் காட்டி நிமிர்த்தி உடனே குளிர்ந்த தண்ணீரில் முக்கினால் நிற்கும். பிளாஸ்டிக் சிமென்ட் அதில் ஒட்டவே ஒட்டாது. கடினமான பாலிஸ்டைரீனுக்குத்தான் அது. ரெசினுக்கு ஃபெவிகுயிக். ரெசினைத் தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

மலிவாக வரும் ரெசின் நகல்களை வாங்காதீர்கள். அச்சிலிருந்து அச்சு எடுக்கும்போது உருவம் சுருங்கும், முகத்தில் காற்றுக் குமிழி விழும், செதுக்கியவருக்கும் பைசா போகாது.

கிடைக்காத உருவத்துக்கு இப்போது 3டி பிரிண்ட் நல்ல வழி. இழை உருக்கும் பிரிண்டரில் கொடுத்துவிட்டு முகம் வரவில்லை என்று வருந்துகிறார்கள். ரெசின் பிரிண்டர் இருக்கிறதா என்று கேட்டுக் கொடுங்கள். 1/35 ஃபைலை 1/48 ஆக்க 72.9 சதவீதம், 1/72 ஆக்க 48.6 சதவீதம். இப்படிப் பாதியாக்கும்போது துப்பாக்கியும் பாதி கனமாகி, கழுவும்போதே ஒடியும். துப்பாக்கி இல்லாமல் பிரிண்ட் எடுத்து, மெல்லிய கம்பியில் தனியாகச் செய்து கையில் வைப்பது மேல்.

வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைப்பவர்கள் விலையையும் தபால் செலவையும் மட்டும் கூட்டிப் பார்க்கக் கூடாது. பொம்மைகளுக்கான அடிப்படை சுங்க வரி 2020-இல் 20-லிருந்து 60 சதவீதமாகவும், 2023-இல் 70 ஆகவும் ஏறியது. ஸ்டாக் தீர்ந்த செட்டை மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கவும் அவசரப்படாதீர்கள். ஏர்ஃபிக்ஸ், டாமியா, ஹாசெகாவா எல்லாம் பழைய அச்சுகளை மறுபடி வெளியிடுகிறவர்கள்.

எல்லாம் சரியாக அமைந்த பிறகும் ஒன்று மிச்சம் இருக்கும். போன பொங்கலுக்கு கம்மவான்பேட்டையிலிருந்து மாமா வந்திருந்தார், விமானப்படையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். என் ஹரிகேன் காட்சியைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார். மெக்கானிக் ஒருவரைத் தொட்டுக் காட்டினார்.

"இவன் யாருப்பா? எஞ்சின் ஸ்டார்ட் பண்ணப் போறாங்கன்னு சொல்ற, புரொப்பெல்லருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறானே."

"செட்ல அப்படித்தான் மாமா வருது."

"வந்தா என்ன, திருப்பி நிறுத்து. இறக்கை முனைகிட்ட வை, விமானி பார்க்கிற மாதிரி. இவன் கையைப் பார்த்துத்தான் விமானி ஸ்டார்ட் பண்ணுவான்."

காலில் கம்பி செருகித்தான் நிறுத்தியிருந்தேன், அதனால் பிடுங்க முடிந்தது. பழைய துளையை மணலும் ஃபெவிகாலும் குழைத்து அடைத்துவிட்டு, மெக்கானிக்கை இடது இறக்கை முனைக்குக் கொண்டுபோய், விமானியின் முகம் பார்க்கத் திருப்பி வைத்தேன்.