உபுண்டு சர்வரில் பிஎச்பி 8.1-லிருந்து 8.3-க்கு: எக்ஸ்டென்ஷன் விடுபடாமல் மாறுவது எப்படி?

உபுண்டு 22.04-உடன் வருவது பிஎச்பி 8.1. பிஎச்பி ஃப்ரேம்வொர்க்கான லாரவேல் 12-க்குக் குறைந்தது 8.2 வேண்டும் என்பதால் பலரும் இப்போது 8.3-க்கு மாறுகிறார்கள். பிஎச்பியை மட்டும் நிறுவுவது ஐந்து நிமிட வேலை. தளம் விழுவதெல்லாம் எக்ஸ்டென்ஷன்களாலும் (பிஎச்பிக்குக் கூடுதல் வசதி தரும் துணைத் தொகுதிகள்) அமைப்புக் கோப்புகளாலும்தான். அதனால் பழையதை நீக்காதீர்கள். 8.1 ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் 8.3-ஐ நிறுவுங்கள். இரண்டும் ஒரே சர்வரில் சிக்கலின்றி ஓடும். கீழே உள்ளவை என்ஜின்எக்ஸ் (வலை சர்வர்), எஃப்பிஎம் (அதற்காகப் பிஎச்பியை ஓட்டும் சேவை) இரண்டும் உள்ள சர்வருக்கானவை.

முதலில் எக்ஸ்டென்ஷன் பட்டியல். ‘பிஎச்பி -எம்’ காட்டுவது கமாண்ட் லைனுக்கு உரியது மட்டுமே. எஃப்பிஎம்மின் பட்டியல் வேறாக இருக்கலாம். இரண்டையும் தனித்தனிக் கோப்பில் எழுதி வையுங்கள். பிறகு ப்ராஜெக்ட் கோப்புறையில் கம்போசரின் (பிஎச்பி நூலகங்களை நிர்வகிக்கும் கருவி) ‘செக்-பிளாட்ஃபார்ம்-ரெக்ஸ்’ கட்டளையை ஓட்டினால், உங்கள் நிரலுக்கு உண்மையில் எவை தேவை என்று தெரியும்.

நிறுவும் முன் இன்னொன்று: ‘அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ்’ மூலம் ‘பிஎச்பி’ கட்டளையை 8.1-இலேயே நிறுத்தி வையுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால், 8.3 நிறுவிய அந்த நொடியே கமாண்ட் லைன் தானாகப் புதிய பதிப்புக்குத் தாவும். இணையதளம் 8.1-இல் நன்றாக ஓடிக்கொண்டிருக்க, க்ரான் வேலைகள் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை) மட்டும் 8.3-இல் ஓடித் தோற்கும். காரணம் லேசில் பிடிபடாது.

இனி ஆன்ட்ரே சூரியின் பிபிஏ களஞ்சியத்தை (உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்துக்கு வெளியே தொகுப்புகள் கிடைக்கும் இடம்) சேருங்கள். சேர்த்த கையோடு முழு ‘அப்கிரேடு’ கொடுக்காதீர்கள்; 8.1-உம் அந்தக் களஞ்சியத்தின் தொகுப்பாக மாறி, திரும்பிப் போகும் வழி கலங்கிவிடும். தொகுப்பின் பெயரில் பதிப்பு எண் கட்டாயம் இருக்கட்டும்: ‘பிஎச்பி8.3-எஃப்பிஎம்’, ‘பிஎச்பி8.3-மைஎஸ்கியூஎல்’, ‘பிஎச்பி8.3-ரெடிஸ்’ என்று. எஃப்பிஎம்மைச் சேர்க்காமல் வெறும் ‘பிஎச்பி8.3’ என்று கேட்டால் அப்பாச்சியும் (இன்னொரு வலை சர்வர்) உடன் வந்து 80-ஆம் போர்ட்டுக்கு முட்டிக்கொள்ளும். ‘ஜேசன்’ தொகுப்பைத் தேடவேண்டாம், 8.0 முதல் அது பிஎச்பிக்குள்ளேயே இருக்கிறது.

பெக்கல் (பிஎச்பி எக்ஸ்டென்ஷன் களஞ்சியம்) வழியாகவோ கைப்படவோ கம்பைல் செய்த எக்ஸ்டென்ஷன்களைப் பழைய கோப்புறையிலிருந்து நகலெடுத்தால் வேலை செய்யாது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு ஏபிஐ எண் உண்டு: 8.1-க்கு 20210902, 8.3-க்கு 20230831. எண் பொருந்தாவிட்டால் பிஎச்பி அந்த எக்ஸ்டென்ஷனை ஏற்றாமல், எச்சரிக்கை மட்டும் தந்துவிட்டு மேலே ஓடும். ‘பிஎச்பி8.3-டெவ்’ நிறுவி, பழைய பில்ட் கோப்புகளைத் துடைத்துவிட்டு, ‘பிஎச்பைஸ்8.3’-இலிருந்து மீண்டும் கம்பைல் செய்யுங்கள். ‘கான்ஃபிகர்’ செய்யும்போது ‘பிஎச்பி-கான்ஃபிக்8.3’-ஐக் குறிப்பிடுவது முக்கியம்.

8.3-இன் ஐஎன்ஐ கோப்பு (பிஎச்பியின் அமைப்புக் கோப்பு) புத்தம் புதியது. உங்கள் பழைய மாற்றங்கள் எதுவும் அதில் இருக்காது. அப்லோடு வரம்பு மறுபடி 2 எம்பி, போஸ்ட் வரம்பு 8 எம்பி. பழைய கோப்பை அப்படியே மேலே ஒட்டாமல், ‘டிஃப்’ போட்டு நீங்கள் மாற்றியவற்றை மட்டும் கொண்டுவாருங்கள். எஃப்பிஎம்முக்கும் கமாண்ட் லைனுக்கும் தனித்தனி ஐஎன்ஐ. எஃப்பிஎம்மின் பூல் கோப்பில் ‘மேக்ஸ் சில்ட்ரன்’ (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய பிஎச்பி செயல்முறைகளின் உச்ச எண்ணிக்கை) 5-க்குத் திரும்பியிருக்கும். நெரிசல் நேரத்தில் தளம் திணறுவது பெரும்பாலும் இதனால்தான். பழைய பூல் கோப்பை நகலெடுத்தால் ‘லிசன்’ வரியில் சாக்கெட் (என்ஜின்எக்ஸும் எஃப்பிஎம்மும் பேசிக்கொள்ளும் கோப்பு) பெயரை 8.3 என மாற்றுங்கள். மறந்தால், அந்த சாக்கெட்டை 8.1 ஏற்கெனவே பிடித்திருப்பதால் புதிய எஃப்பிஎம் கிளம்பாது.

சோதனைக்கு ஒரு துணை டொமைனை மட்டும் புதிய சாக்கெட்டுக்குத் திருப்புங்கள். லாகில் 8.2 முதல் வரும் ‘டைனமிக் ப்ராப்பர்ட்டி’ எச்சரிக்கைகள் தளத்தை நிறுத்தாது. ஆனால் அவை திரையில் அச்சாகி ஜேசன் பதில்களைக் கெடுக்காமலிருக்க ‘டிஸ்ப்ளே எரர்ஸ்’ அணைந்திருக்க வேண்டும்.

எல்லாம் சரியென்றால் பிரதான தளத்தின் என்ஜின்எக்ஸ் கோப்பிலும் சாக்கெட்டை மாற்றி, ‘என்ஜின்எக்ஸ் -டி’ பார்த்து, ரீலோடு கொடுங்கள். 502 பிழை வந்தால் எரர் லாகைப் பாருங்கள்: கோப்பு இல்லை என்றால் சாக்கெட் பெயரில் பிழை, அனுமதி மறுப்பு என்றால் பூல் கோப்பின் ‘லிசன் ஓனர்’ பிழை. சரியாகும்வரை அதே வரியில் 8.1 என்று திரும்ப எழுதி ரீலோடு செய்தால் தளம் எழுந்துவிடும்.

கடைசியாக ‘பிஎச்பி’ கட்டளையை 8.3-க்குத் திருப்பி, க்யூ வொர்க்கர்களை (பின்னணி வேலைகளைச் செய்பவை) ரீஸ்டார்ட் செய்யுங்கள். செய்யாவிட்டால் அவை நினைவகத்தில் பழைய பதிப்பிலேயே ஓடிக்கொண்டிருக்கும். மாதக் கடைசி க்ரான் வேலைகளும் ஒருமுறை ஓடி முடிந்தபின் 8.1-ஐ நீக்கலாம்.