பழைய கார்ட்டூன் தொடக்கக் காட்சியை ஸ்டாப் மோஷனில் கையால் மறுபடி உருவாக்குவது எப்படி?

பழைய கார்ட்டூன் தொடர் ஒன்றின் தொடக்கக் காட்சியை அட்டை, துணி, களிமண், கம்பி ஆகியவற்றைக் கொண்டு ஸ்டாப் மோஷனில், அதாவது பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி ஒவ்வொரு நிலையையும் புகைப்படம் எடுத்து வரிசையாக ஓடவிடும் முறையில், மறுபடி உருவாக்க விரும்புபவர்கள் பெரும்பாலும் பொம்மை செய்வதில்தான் முதலில் இறங்குகிறார்கள். ஆனால், பார்ப்பவர் முதல் சில நொடிகளிலேயே மூலத்தை அடையாளம் கண்டுகொள்வதற்குப் பொம்மையின் முகச்சாயலைவிட, ஒவ்வொரு ஷாட்டும் (இடையில் வெட்டில்லாமல் ஓடும் காட்சித் துண்டும்) எவ்வளவு நேரம் நிற்கிறது, இசையின் எந்தத் தட்டில் அடுத்த ஷாட்டுக்கு மாறுகிறது என்ற கால அளவே முக்கியக் காரணம். மூக்கு சற்றுக் கோணலாக இருந்தால் யாரும் பொருட்படுத்துவதில்லை. ஷாட் அரை நொடி நீண்டுவிட்டால் உடனே உறுத்தும். ஆகவே கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் மூலத்தின் கால அளவைத் தாளில் எழுதி முடித்துவிட வேண்டும்.

இந்த வழிகாட்டிக்கு எடுத்துக்காட்டாக, 1992-இல் வெளிவந்த ‘பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்’ தொடரின் தொடக்கக் காட்சியை எடுத்துக்கொள்வோம். முதன்முறை முயல்பவருக்கு இது பல விதங்களில் வசதியானது. ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஒரு வசனம்கூட இல்லாததால் வாயசைவுக்காகத் தனித்தனி உதடுகள் செய்ய வேண்டியதில்லை. பெரும்பாலான ஷாட்டுகளில் பாத்திரங்கள் இருளில் நிழலுருவங்களாகவே நிற்கின்றன. வங்கியில் குண்டு வெடிக்கிறது, திருடர்கள் ஓடுகிறார்கள், பேட்மேனின் கார் பாய்கிறது, மொட்டைமாடியில் சண்டை நடக்கிறது, கட்டிப்போடப்பட்ட திருடர்களைக் காவலர்கள் கண்டெடுக்கிறார்கள், இறுதியில் மின்னல் வெளிச்சத்தில் நாயகன் தெரிகிறான். தொடரின் பெயர்கூடத் திரையில் வராது. பாடலைப் பாத்திரங்களே பாடும் தொடக்கக் காட்சியை எடுத்தால் வேலை இரண்டு மடங்காகும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

மூலத்தின் எந்தப் பிரதியை வைத்துக் கணக்கிடுகிறீர்கள் என்பதும் முக்கியம். அக்காலக் கார்ட்டூன்கள் நொடிக்கு 24 ஃபிரேம்கள் (தனித்தனி நிலைப்படங்கள்) கொண்ட படச்சுருளில் எடுக்கப்பட்டவை. அமெரிக்கத் தொலைக்காட்சி முறைக்கு அவற்றை மாற்றும்போது நான்கு ஃபிரேம்கள் ஐந்தாக நீட்டப்படும் என்பதால், அந்தப் பிரதியை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தால் சில ஃபிரேம்கள் இரண்டு படங்கள் கலந்தவையாகத் தெரியும். அவற்றைத் தனிப் படங்களாக எண்ணிவிடக் கூடாது. ஐரோப்பியப் பிரதிகள் நொடிக்கு 25 ஃபிரேம்களில் ஓடுவதால் நான்கு விழுக்காடு வேகமாக இருக்கும், இசையின் சுருதியும் சற்று ஏறியிருக்கும். 24 ஃபிரேம் பிரதி கிடைத்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. மூலத்தின் திரை 4:3 விகிதத்தில் இருக்கும். அதை அப்படியே வைத்துக்கொள்வதுதான் என் பரிந்துரை, ஏனெனில் அகலத்திரைக்கு மாற்றினால் ஒவ்வொரு செட்டையும் இருபுறமும் நீட்ட வேண்டியிருப்பதோடு, மூலத்தின் நெருக்கமான கட்டமைப்பும் கலைந்துபோகும்.

அடுத்தது கால அட்டவணை. எடிட்டிங் மென்பொருளில் பிரதியைத் திறந்து, ஒவ்வொரு ஷாட்டும் தொடங்கும் ஃபிரேமையும் முடியும் ஃபிரேமையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டாப் மோஷனில் ஒரு புகைப்படத்தை இரண்டு ஃபிரேம்களுக்கு நிறுத்துவது வழக்கம் என்பதால் நொடிக்கு 12 படங்கள் போதும். அறுபது நொடிகளுக்கு 720 படங்கள் ஆகின்றன. ஒவ்வொரு ஷாட்டின் நீளத்தையும் இரண்டால் வகுத்து, படம் ஒன்றுக்கு ஒரு வரி என்று கட்டம் போட்ட தாளில் எழுதுங்கள். ஒரு பத்தியில் பாத்திரத்தின் அசைவு, அடுத்ததில் கேமரா, மூன்றாவதில் இசை. இசைப் பத்தியை நிரப்புவதற்குத் தாளத்தின் வேகம் தெரிந்தால் போதும். நிமிடத்துக்கு 120 தட்டுகள் கொண்ட இசையில் ஒவ்வொரு தட்டுக்கும் ஆறு படங்கள் வரும். எந்தப் படத்தில் கைமுட்டி தாடையில் இறங்க வேண்டும் என்பது அட்டவணையிலேயே தெரிந்துவிடுவதால் மேசை முன்னால் நின்று யோசிக்க வேண்டியதில்லை.

ஓவிய அனிமேஷனில் உள்ள எல்லாமே பொம்மைக்குப் பொருந்திவிடாது. அங்கே பாத்திரம் ஒரு நொடி அசையாமல் நின்றால் இயல்பாகத் தோன்றும். இங்கே ஒரே புகைப்படத்தை ஒரு நொடிக்கு நீட்டினால் படம் உறைந்துவிட்டது போல் இருக்கும். அத்தகைய இடங்களில் பொம்மையைத் தொடாமலே மூன்று நான்கு படங்கள் எடுத்து மாற்றி மாற்றி ஓட்டலாம், அல்லது தோளை ஒரு மில்லிமீட்டர் ஏற்றி இறக்கி மூச்சு விடுவதுபோல் காட்டலாம். வேகமான அசைவுக்கு ஓவியர்கள் ஒரே ஒரு படத்தில் கையை இழுத்து நீட்டி வரைவார்கள். அதற்கு ஈடாக, நீட்டப்பட்ட வடிவில் களிமண்ணால் இன்னொரு கை செய்து வைத்துக்கொண்டு, அந்த ஒரு படத்துக்கு மட்டும் மாற்றிப் பொருத்துங்கள். தனியாகப் பார்த்தால் அது அபத்தமாக இருக்கும், ஓடும்போது யாருக்கும் தெரியாது.

பொம்மையின் எலும்புக்கு மெல்லிய அலுமினியக் கம்பிகள் இரண்டை ஒன்றாக முறுக்கிப் பயன்படுத்துங்கள். இரும்புக் கம்பி வளைத்த இடத்தில் நிற்காமல் சற்றுத் திரும்பிவிடும். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட பகுதி போன்ற வளையக் கூடாத இடங்களை எபாக்ஸி புட்டியால் (பிசைந்து பூசினால் கெட்டியாக இறுகும் பசையால்) மூடிவிட்டால், கம்பி மூட்டுகளில் மட்டுமே வளையும். உடலைப் பஞ்சு நுரையால் நிரப்பித் துணி போர்த்தலாம். பாதத்தில் ஒரு நட்டைப் பதித்து, மேடைப் பலகையில் துளையிட்டு அடியிலிருந்து திருகினால் ஒற்றைக் காலில்கூட நிற்கும். பின்னணியில் ஓடும் காவலர்களுக்கு இவ்வளவு உழைப்பு வேண்டாம். அட்டையில் வெட்டிய தட்டை உருவங்களே போதும், நிழலுருவமாகத் தெரிவதால் வேறுபாடு புலப்படாது.

மேலங்கிதான் இந்தக் காட்சியில் மிகவும் பொறுமையைக் கேட்கும் பொருள். சாதாரணத் துணியை மாட்டினால் ஒவ்வொரு முறை பொம்மையைத் தொடும்போதும் அது தன் இஷ்டத்துக்கு மடிந்து, படம் ஓடும்போது துடிதுடிக்கும். இரண்டு மெல்லிய கறுப்புத் துணிகளுக்கு நடுவே சமையல் அலுமினியத் தாளை வைத்து ஒட்டி, ஓரங்களில் மெல்லிய கம்பியைக் கோத்துத் தைத்தால், காற்றில் பறக்கும் மடிப்பை வேண்டிய வடிவில் நிறுத்த முடியும். அசைக்கும்போது கழுத்திலிருந்து தொடங்குங்கள். மேல்மடிப்பு இந்தப் படத்தில் எங்கே இருக்கிறதோ, அதற்கு இரண்டு படங்கள் கழித்துக் கீழ்மடிப்பு அங்கே வந்துசேர வேண்டும். இந்தத் தாமதம் இல்லாவிட்டால் துணி, தகடு போலத்தான் அசையும்.

அந்தத் தொடரின் பின்னணிகள் வழக்கமான வெள்ளைத் தாளுக்குப் பதிலாகக் கறுப்புத் தாளில் தீட்டப்பட்டவை. இருளில் தொடங்கி, வெளிச்சம் படும் இடங்களுக்கு மட்டும் வண்ணம் ஏற்றினார்கள். கையால் செய்பவருக்கு இது பெரிய வரம். கறுப்பு அட்டையில் கட்டடங்களை வெட்டி, ஓரங்களில் மட்டும் உலர்ந்த சாக்பீஸைத் தேய்த்தால் கல்லின் விளிம்பு தானாகத் தெரியும். சன்னல்களைப் பிளேடால் வெட்டி, பின்புறம் பட்டர் பேப்பர் ஒட்டி, அதற்குப் பின்னால் எல்இடி விளக்கு வையுங்கள். சூடாகும் பல்புகள் களிமண்ணை இளக்கிவிடும். கட்டட வரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளி விட்டு நிறுத்தி, இடையிடையே மெல்லிய வலைத்துணியைத் தொங்கவிட்டால் தூரத்துக் கட்டடங்கள் மங்கி, நகரத்துக்கு ஆழம் கிடைக்கும். சிவந்த வானத்தைத் தனித்தாளாக எல்லாவற்றுக்கும் பின்னால் வைத்து அதற்கு மட்டும் தனி விளக்குக் கொடுங்கள்.

கேமராவில் தானியங்கியாக இருக்கும் அனைத்தையும் அணைத்துவிடுங்கள்: ஃபோகஸ், எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்ச அளவு), வெள்ளைச் சமநிலை (நிறச் சாயல்) மூன்றுமே கைமுறையில் இருக்க வேண்டும். கைப்பேசியில் எடுப்பவர்கள் இவற்றைப் பூட்டிவைக்கும் செயலியைப் பயன்படுத்தலாம். சிறிய பொருளை அருகிலிருந்து எடுக்கும்போது முன்னும் பின்னும் மங்கி, ‘இது பொம்மை’ என்று காட்டிக்கொடுத்துவிடும். கார்ட்டூனிலோ பெரும்பாலும் எல்லாமே தெளிவாக இருக்கும். ஆகவே அப்பர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளையை) எஃப் 11 அளவுக்குச் சுருக்கி, ஷட்டர் வேகத்தை அரை நொடி வரை குறையுங்கள். பொம்மை அசையாமல் நிற்பதால் படம் கலங்காது, விளக்கின் மின்துடிப்பும் சராசரியாகிவிடும். புதிய லென்ஸ்கள் ஒவ்வொரு படத்துக்கும் அப்பர்ச்சரைத் திறந்து மூடுவதால் வெளிச்சம் நூலிழை அளவுக்கு மாறிக்கொண்டே இருக்கும், அதுவே திரையில் மினுக்கலாகத் தெரியும். அப்பர்ச்சர் வளையம் கொண்ட பழைய லென்ஸ் இருந்தால் இச்சிக்கல் இல்லை. சன்னலை மூடுங்கள், கறுப்புச் சட்டை அணியுங்கள், படம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நில்லுங்கள். பேட்டரி மாற்றக் கைவைத்தால் கேமரா நகர்ந்துவிடும் என்பதால் நேரடி மின் இணைப்பே நல்லது.

கார் பாயும் ஷாட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு நொடியில் கார் மேசையில் 40 சென்டிமீட்டர் நகர வேண்டும் என்றால் அதைப் பன்னிரண்டு சம பாகங்களாகப் பிரிக்கக் கூடாது. 0.5, 1, 2, 3.5, 5, 6, 6, 5.5, 4.5, 3, 2, 1 சென்டிமீட்டர் என்று மெதுவாகத் தொடங்கி, நடுவில் விரைந்து, மெதுவாக முடிய வேண்டும். இந்த அளவுகளை ஒரு டேப்பில் குறித்து, கேமராவின் கண்ணுக்கு எட்டாத ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்த ஷாட்டில் கார் தொடர்ந்து ஓடப்போகிறது என்றால் இறுதியில் வேகத்தைக் குறைக்க வேண்டியதில்லை, முழு வேகத்திலேயே வெட்டிவிடலாம். நீண்ட துரத்தலுக்கு மேசை நீளம் போதாது. அங்கே காரை நிறுத்திவைத்துப் பின்னணியை நகர்த்துங்கள். இரண்டு உருளைகளில் சுற்றிய தாளில் கட்டடங்களை ஒட்டினால் அதே தெரு திரும்பத் திரும்ப வரும். செலவைக் குறைக்கப் பழைய தொலைக்காட்சிக் கார்ட்டூன்களும் அதே வீடுகளைத்தான் மறுபடி மறுபடி ஓடவிட்டன என்பதால், அந்த அலுப்பூட்டும் திரும்பல்கூட மூலத்துக்கு நேர்மையாகவே இருக்கும்.

பொம்மை தாவும் இடங்களில் கெட்டியான கம்பியால் பின்புறமிருந்து தாங்குங்கள். ஷாட்டைத் தொடங்குமுன் பொம்மை இல்லாத வெற்றுச் செட்டை ஒரு படம் எடுத்துவைத்தால், பிறகு மென்பொருளில் கம்பி இருக்கும் இடத்தை அந்த வெற்றுப் படத்தால் மூடி மறைத்துவிடலாம். வெடிப்புக்குப் பஞ்சு போதும்: ஆரஞ்சு வண்ணம் தெளித்த பஞ்சை உள்ளே சிறு விளக்கு வைத்து, ஒவ்வொரு படத்துக்கும் பிய்த்து விரித்துக்கொண்டே போங்கள். முதல் இரண்டு படங்களில் பெரிதாக விரிந்து, பிறகு மெதுவாகக் கலைய வேண்டும். வெடிப்பு தொடங்கும் முதல் படத்தை மட்டும் முழு வெள்ளையாக வைப்பது பழைய கார்ட்டூன்காரர்களின் உத்தி, இன்றும் வேலை செய்கிறது. மின்னலுக்கும் அதே வழிதான்.

படங்களை 24 ஃபிரேம் வரிசையில் ஒவ்வொன்றும் இரண்டு ஃபிரேம்கள் நிற்கும்படி அடுக்குங்கள். இடைப்பட்ட ஃபிரேம்களைக் கணினியே உருவாக்கி வழவழப்பாக்கும் வசதியைத் தொடாதீர்கள். கையால் செய்ததன் துடிப்பு முழுவதும் அதில் வழிந்துபோய்விடும். மூலத்தையும் உங்கள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு வெட்டுகள் ஒன்றாக விழுகின்றனவா என்று பாருங்கள். அடி விழும் படம் ஓசைக்கு ஒரு ஃபிரேம் முன்னதாக இருந்தால்தான் இரண்டும் ஒன்றாக நடப்பதுபோல் தோன்றும். மூல இசை காப்புரிமைக்கு உட்பட்டது என்பதால், யூடியூபில் ஏற்றினால் தானியங்கி முறை அதைக் கண்டுபிடித்து வீடியோவை முடக்கவோ, விளம்பர வருவாயை உரிமையாளருக்குத் திருப்பவோ கூடும். அதே தட்டு வேகத்தில் சொந்தமாக இசையமைத்த இன்னொரு பிரதியையும் தயாராக வைத்திருங்கள். அட்டவணை அந்த வேகத்தில்தான் எழுதப்பட்டது என்பதால் படத்தில் ஒரு ஃபிரேமைக்கூட மாற்ற வேண்டியிருக்காது.