ஆங்கிலத்தில் நவுன், அட்ஜெக்டிவ், ப்ரோநவுன்: எது எது என்று கண்டுபிடிப்பது எப்படி?

'புக்' நவுன், 'டால்' அட்ஜெக்டிவ், 'ஹீ' ப்ரோநவுன். இதுவரை யாருக்கும் சிக்கல் இல்லை. 'திஸ்' என்ன வகை, 'ஹிஸ்' என்ன வகை என்று கேட்டால்தான் தடுமாற்றம் வரும். பட்டியலை எவ்வளவு மனப்பாடம் செய்தாலும் இந்தத் தடுமாற்றம் போகாது. காரணம், ஆங்கிலத்தில் ஒரே சொல் உருவம் மாறாமலேயே வேறு வேறு வேலை பார்க்கும். 'எ லைட் பாக்ஸ்' என்றால் கனமில்லாத பெட்டி. அங்கே 'லைட்' அட்ஜெக்டிவ். 'ஸ்விட்ச் ஆன் தி லைட்' என்றால் விளக்கைப் போடு. அங்கே அதே சொல் நவுன். ஆகவே சொல்லைத் தனியாக வைத்து வகை சொல்லாதீர்கள். வாக்கியத்தில் அதன் வேலையைப் பாருங்கள்.

படி 1: நவுனையும் ப்ரோநவுனையும் பிரியுங்கள்

ஆள், ஊர், பொருள், குணம் எதுவானாலும் பெயராக வந்தால் நவுன். அதன் முன்னால் 'தி', 'ஓல்ட்' போன்ற சொற்களைப் போட முடியும். 'தி ஓல்ட் மேன் ஸ்லெப்ட்', அந்தக் கிழவர் தூங்கினார். இதில் 'மேன்' நவுன்.

இப்போது 'ஹீ'யைப் போட்டுப் பாருங்கள். 'தி ஓல்ட் ஹீ ஸ்லெப்ட்' என்று யாரும் சொல்வதில்லை. 'ஹீ ஸ்லெப்ட்' என்றுதான் வரும். அதாவது 'மேன்' என்ற ஒரு சொல்லை மட்டும் அல்ல, 'தி ஓல்ட் மேன்' என்ற முழுத் தொடரையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'ஹீ' உட்காருகிறது. 'நவுனுக்குப் பதிலாக வருவது ப்ரோநவுன்' என்ற பாடப்புத்தக விளக்கத்தில் இந்த நுணுக்கம் விட்டுப்போகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

படி 2: அட்ஜெக்டிவைச் சோதியுங்கள்

ஒன்றின் தன்மையைச் சொல்வது அட்ஜெக்டிவ். அதைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் 'வெரி' போதும். 'வெரி டால்', 'வெரி ஹாப்பி' சரியாக வருகின்றன. 'வெரி டேபிள்' வராது.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இங்கே ஒரு தனிப் பள்ளம் இருக்கிறது. நாம் 'அவன் நல்ல உயரம்', 'அவள் அழகு', 'எனக்குப் பசி' என்று பெயர்ச்சொல்லிலேயே வாக்கியத்தை முடித்துவிடுவோம். அதை அப்படியே கொண்டுபோனால் 'ஹீ இஸ் ஹைட்', 'ஐ யாம் ஹங்கர்' என்று ஆகிவிடும். 'வெரி ஹைட்', 'வெரி ஹங்கர்' பொருந்தாது, அவை நவுன்கள். ஆங்கிலம் அந்த இடத்தில் அட்ஜெக்டிவைக் கேட்கிறது: 'ஹீ இஸ் டால்', 'ஐ யாம் ஹங்ரி'.

படி 3: இரட்டை வேடச் சொற்கள்

திஸ், தட், ஹிஸ், ஹெர், விச், மெனி, சம். உண்மையான குழப்பம் இவற்றில்தான். ஆனால் இவற்றைப் பிரிக்கும் கருவி நம் கையிலேயே இருக்கிறது. ஆங்கிலம் ஒரே உருவத்தை வைத்துக்கொள்ளும் பல இடங்களில் தமிழ் இரண்டு உருவம் வைத்திருக்கிறது.

'திஸ் புக் இஸ் குட்' என்றால் இந்தப் புத்தகம் நன்றாக இருக்கிறது. 'திஸ் இஸ் குட்' என்றால் இது நன்றாக இருக்கிறது. 'இந்த' என்று வந்தால் பின்னால் ஒரு நவுன் வந்தே ஆக வேண்டும். அது அட்ஜெக்டிவ் வேலை. 'இது' தனியாக நிற்கும், அது ப்ரோநவுன். 'விச்'சும் இப்படித்தான்: எந்த, எது. 'மெனி' ஆட்களைக் குறித்தால் பல, பலர்.

'திஸ் இஸ் ஹிஸ் பென்', இது அவனுடைய பேனா. 'திஸ் பென் இஸ் ஹிஸ்', இந்தப் பேனா அவனுடையது. கடைசியில் ஒட்டும் அந்தத் 'து'வைக் கவனியுங்கள். அவனுடைய என்றால் அட்ஜெக்டிவ், அவனுடையது என்றால் ப்ரோநவுன். 'மை', 'மைன்' இரண்டும் உருவத்திலேயே பிரிந்துவிடுவதால் அங்கே கவலை இல்லை.

படி 4: நவுன் முன்னால் நவுன்

'ஸ்கூல் பேக்' என்பதில் 'ஸ்கூல்' என்ன வகை? பையை விவரிக்கிறதே, அட்ஜெக்டிவ் என்று தோன்றும். 'வெரி ஸ்கூல் பேக்' என்று சொல்ல முடியுமா? 'தி பேக் இஸ் ஸ்கூல்' என்று சொல்ல முடியுமா? முடியாது. அது இன்னொரு நவுனுக்கு அடைமொழியாக நிற்கும் நவுன். பள்ளிக்கூடப் பை என்று நாமும் அப்படித்தானே சொல்கிறோம்.

நேர்மாறாகவும் நடக்கும். 'தி புவர்' என்றால் ஏழைகள். அட்ஜெக்டிவ் நவுனின் இடத்தில் நிற்கிறது. ஆனால் 'புவர்ஸ்' என்று ஆகாது. 'தி புவர் ஆர்' என்று பன்மை வினை எடுக்கும்.

இந்த இரண்டு வகைக்கும் இடையிலான உறவு பழையது. டயோனிசியஸ் த்ராக்ஸ் பெயரில் வழங்கும் பழங்கால கிரேக்க இலக்கணம் சொற்களை 8 வகையாகப் பிரித்தது. அதில் அட்ஜெக்டிவுக்குத் தனி இடம் இல்லை, நவுனுக்குள்ளேயே அடங்கியது. பழைய ஆங்கில இலக்கண நூல்களும் 'நவுன் அட்ஜெக்டிவ்' என்றே எழுதின.

படி 5: ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பாருங்கள்

'ஹெர் யங்கர் சிஸ்டர் பாட் எ நியூ ஸ்கூல் பேக் அண்ட் ஷோட் இட் டு ஹெர்.'

அவளுடைய தங்கை ஒரு புதுப் பள்ளிக்கூடப் பை வாங்கி, அதை அவளிடம் காட்டினாள். முதல் 'ஹெர்', அவளுடைய, அட்ஜெக்டிவ். 'யங்கர்' ('யங்' என்பதன் ஒப்பீட்டு உருவம், 'வெரி யங்' வரும்), 'நியூ' அட்ஜெக்டிவ். 'சிஸ்டர்', 'பேக்' நவுன். 'ஸ்கூல்' நவுன், அடைமொழியாக. 'இட்' ப்ரோநவுன், 'எ நியூ ஸ்கூல் பேக்' முழுவதற்கும் பதிலாக நிற்கிறது. கடைசி 'ஹெர்', அவளிடம். பின்னால் எந்த நவுனும் இல்லை, ப்ரோநவுன்.

அப்புறம், பெயர் பற்றி ஒன்று. நவுனுக்கு முன் வரும் 'ஹெர்', 'திஸ்' போன்றவற்றை இன்றைய இலக்கண நூல்கள் பல 'டிடர்மினர்' என்கின்றன. அட்ஜெக்டிவுக்கு நாம் வைத்த 'வெரி' சோதனையில் அவை தேறாதது அந்தப் பிரிவுக்கு ஒரு காரணம். தேர்வுக்குப் படிப்பவர்கள் தங்கள் பாடப்புத்தகம் எந்தப் பெயரைச் சொல்கிறதோ அதையே எழுதுங்கள்.