கேம் வாங்கும் முன் தாளைப் படியுங்கள்

பினாங்கு மாநிலம் பிறையில் இருக்கும் என் மோட்டார் பட்டறைக்கு வரும் தம்பிகள், இன்ஜின் வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் கேம் (கேம்ஷாஃப்ட்) என்றதும் "லிஃப்ட் எவ்வளவு அண்ணே?" என்றுதான், அதாவது வால்வு எவ்வளவு தூரம் திறக்கும் என்றுதான் கேட்பார்கள். நான் முதலில் பார்ப்பது, காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் இன்டேக் வால்வு எப்போது மூடுகிறது என்பதை.

கேமின் அளவுகள் எழுதிய தாளில் 20/50 என்று இருந்தால், பிஸ்டன் உச்சிக்கு வர 20 டிகிரி இருக்கும்போதே இன்டேக் திறக்கிறது. அடிக்குப் போய்த் திரும்பி 50 டிகிரி ஆனபிறகு மூடுகிறது. நடுவில் 180-ஐச் சேர்த்தால் டியூரேஷன், அதாவது வால்வு திறந்திருக்கும் அளவு, 250. எல்லாம் பிஸ்டனோடு இணைந்த கிராங்க் தண்டு சுற்றும் டிகிரி. 35/65 கேம் என்றால் 280. மூடுவது 15 டிகிரி தாமதம், விஷயமே அதில்தான் இருக்கிறது. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது, மேலே வரும் பிஸ்டன் உள்ளே வந்த கலவையை இன்டேக் வழியாகவே திருப்பித் தள்ளிவிடும், பிக்கப் போய்விடும். ஆர்பிஎம் ஏறினால் கதை வேறு. காற்று வரும் வேகத்திலேயே, பிஸ்டன் ஏறத் தொடங்கிய பிறகும் சிலிண்டர் நிரம்பிக்கொண்டிருக்கும்.

பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் வேலை செய்யும் தம்பி ஒருவர் தன் யமஹா ஒய்15 மோட்டாரில் 280 கேம் போட்டிருந்தார். பினாங்குப் பாலத்தில் மோட்டார் அருமையாக இழுத்தது. பாலிக் பூலாவ் வீட்டுக்குத் திரும்பும் மேட்டிலோ வளைவுக்கு வளைவு கியர் இறக்க வேண்டியிருந்தது. சிக்னலில் நின்றால் இன்ஜின் அணைந்துபோகும். அதற்குக் காரணம் ஓவர்லாப்: இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு, பிஸ்டன் உச்சி தாண்டி 35-இல் மூடினால் 35-உம் 35-உம் 70 டிகிரி. தினமும் ஓட்டும் வண்டிக்கு அது அதிகம். சின்ன கேம் மாற்றி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவையும் சரிசெய்தபிறகு நிம்மதியாக ஓட்டுகிறார்.

இரண்டு கேமை ஒப்பிடும்போது, டியூரேஷனை எத்தனை மி.மீ. லிஃப்டில் அளந்தார்கள் என்று பாருங்கள். 1 மி.மீ.-இல் அளந்த எண்ணையும் வால்வு அசையத் தொடங்கும்போதே அளந்த எண்ணையும் பக்கத்தில் வைத்தால் ஏமாந்துவிடுவீர்கள்.

சரி, லிஃப்ட். கேமின் லிஃப்டை, அதன் அசைவை வால்வுக்குக் கடத்தும் ராக்கரின் விகிதத்தால் பெருக்கினால் வால்வு லிஃப்ட் வரும். அப்புறம், வால்வு பிஸ்டனில் இடிக்காமல் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்கும் களிமண் சோதனை, இதை மட்டும் விடவே விடாதீர்கள். பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைப் பிஸ்டனின் வால்வுக் குழியில் ஒட்டி, வால்வு முகத்தில் துளி எண்ணெய் தடவி, கேஸ்கெட்டோடு சிலிண்டர் ஹெட்டை முறுக்கி, டைமிங் வைத்து, கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். எங்காவது தடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஹெட்டைக் கழற்றி, களிமண்ணை பிளேடால் குறுக்கே வெட்டி, மெல்லிய இடத்தை அளந்து பாருங்கள். இன்டேக் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 இல்லாமல் நான் இன்ஜினை மூடுவதில்லை.