கிராஃபீனைக் கண்ணால் பிடிப்பது எப்படி?

கிராஃபைட்டிலிருந்து உரிக்கும் ஒரே அணு கனமுள்ள கார்பன் ஏடுதான் கிராஃபீன். அதை நுண்ணோக்கியில் பார்த்தே கண்டுபிடிக்கலாம் என்றால், ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்கள் என்னை ஒரு மாதிரிதான் பார்க்கிறார்கள். சந்தேகம் நியாயமானதே. விழும் ஒளியில் 2.3 சதவீதத்தை மட்டுமே கிராஃபீன் உறிஞ்சுகிறது. அதைக் காட்டிக்கொடுப்பது அடியில் சிலிக்கான் தகட்டின்மேல் படிந்திருக்கும் சிலிக்கான் டை-ஆக்சைடு. ஆகவே அந்தத் தகட்டை, அதாவது வேஃபரை, வாங்கும்போதே கவனம் வேண்டும்.

ஆக்சைடின் கனம் 90 அல்லது 300 நானோமீட்டர் இருக்கட்டும். 300-க்குப் பதில் 315 வந்துவிட்டால் வெள்ளொளியில் ஒற்றை அடுக்கு அடியோடு மறைந்துவிடும். 2004-இல் மான்செஸ்டரில் இயற்பியலாளர்கள் கெய்மும் நோவோசெலோவும் கிராஃபைட்டை டேப்பால் உரித்துப் பார்த்தபோது அவர்கள் கையில் இருந்ததும் 300 நானோமீட்டர் ஆக்சைடுதான். விற்பவர் 'ஏறக்குறைய' என்று இழுத்தால், அளந்து பார்க்காமல் எடுக்காதீர்கள்.

வேஃபர் துண்டை அசிட்டோனிலும் ஐசோபுரோப்பனாலிலும் கழுவி, நைட்ரஜன் ஊதி உலர்த்துங்கள். கிராஃபைட் செதிலை டேப்பில் ஒட்டி, மடித்து மடித்துப் பிரியுங்கள். பளபளப்பு மங்கிச் சாம்பல் பூத்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் மடித்தால் தூள்தான் மிஞ்சும். டேப்பைத் துண்டின்மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி, 100 டிகிரி ஹாட்பிளேட்டில் ஓரிரு நிமிடம் சூடாக்குங்கள். ஆறிய பிறகு மெல்ல உரியுங்கள்.

இனிக் கண்ணுக்கு வேலை. மஞ்சளாக மின்னுவது தடித்த கிராஃபைட், விட்டுவிடுங்கள். நீலமும் வேண்டாம். பின்னணி ஊதாவைவிட ஒரு பொடி மட்டும் அழுத்தமாக, பெரும்பாலும் தடித்த செதிலின் ஓரத்தை ஒட்டித் தெரிவதுதான் நம் ஆள். டேப்பின் பசைக் கறையும் இப்படி ஏமாற்றும். ஆனால் அதன் விளிம்பு உருண்டு குழைந்திருக்கும். கிராஃபீனின் விளிம்போ கிழித்த காகிதம்போல நேர்கோடும் கோணமுமாக இருக்கும்.

பச்சை வடிகட்டி இல்லாமல் நான் தேட உட்காருவதே இல்லை. அதில் ஒற்றை அடுக்கு பின்னணியைவிடச் சுமார் 10 சதவீதம் கருத்துத் தெரியும். இரண்டடுக்கு அதைப்போல ஏறத்தாழ இருமடங்கு. கேமரா படத்தின் பச்சை அளவை மட்டும் எடுத்துக் கணக்கிட்டால் இந்தப் படிகள் எண்ணாகவே கிடைக்கும்.

சந்தேகத்துக்கு இடமானவற்றை மட்டும், லேசர் ஒளி சிதறும் விதத்தை அளக்கும் ராமன் கருவிக்குக் கொண்டுபோங்கள். பார்ப்பதையெல்லாம் அங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். திருச்சியில் பிறந்த சி.வி. ராமனின் பெயர் தாங்கிய அந்த அளவீட்டில், 2700 அலையெண் (செ.மீ⁻¹) அருகே ஒற்றைக் கூம்பு ஒழுங்காக எழும்பி, 1580-இல் வருவதைவிட ஓங்கி நின்றால் ஒற்றை அடுக்கு உறுதி.

கிராஃபைட்போலவே அடுக்கடுக்காக உரியும் மாலிப்டினம் டைசல்பைடுக்கும் இதே டேப் வேலைதான். அதன் ஒற்றை அடுக்கு பச்சை லேசரில் 670 நானோமீட்டர் அருகே சிவப்பாக ஒளிரும். இரண்டாவது அடுக்கு சேர்ந்ததும் அந்த ஒளி சட்டென்று விழுந்துவிடும். ஒளி போதவில்லையே என்று லேசர் திறனைக் கூட்டாதீர்கள், செதில் பொசுங்கிவிடும். பதிவு நேரத்தைக் கூட்டுங்கள்.